வரலாறு வரைந்த பேகம்

சென்ற ஆண்டு ஒரு நாள், நாகரசம்பட்டியில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த வேளையில், நன்கு அறிமுகமான அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர். அவருடைய மகள் நம்மிடம் குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த அப்பிள்ளை, கல்லூரியில் சேர்ந்து வரலாறுதான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள் என்று கூறி வருந்தினார்.

"ஹஜ்ரத், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். ஓசூர்க் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். பஸ் வீட்டுப் பக்கமே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. வரலாறு படித்துப் பெண்பிள்ளை என்ன செய்யப் போகிறாள்? ராஜா வீட்டுக் கதையை எழுதவா போகிறாள்?" என்றார்.

நாம் சற்றும் ஆராயாமல், "நீங்கள் சொல்வதும் சரிதான்" என்று கூறிவிட்டோம். அந்தச் சொல்லே அவ்வீட்டில் முடிவாயிற்று. அப்பிள்ளை இன்று கம்பெனிப் பேருந்தில் சென்று வருகிறாள். ஹலாலான உழைப்பு, அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆயினும், "ராஜா வீட்டுக் கதையை எழுதவா போகிறாள்" என்ற அக்கேள்வி பல மாதங்கள் நம்மை விடாமல் தொடர்ந்தது. ஏனெனில், அதற்குரிய விடை நமக்குத் தெரிந்திருந்தும் அன்று நாம் அதைச் சொல்லவில்லை. ராஜா வீட்டுக் கதையை ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார். அவர் ஓர் அரசு அதிகாரியின் மனைவியாகவும் தாயாகவும் குடும்பம் நடத்தியவர். அவரைப் பற்றி எழுதுவது, அன்று சொல்லத் தவறியதை இன்று சொல்லி முடிப்பதாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

முகலாயப் பேரரசை நிறுவிய ஸஹீருத்தீன் பாபரின் மகள் குல்பதன் பேகம். ரோஜா மலரையொத்த மேனியாள் என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 1523-இல் காபூல் நகரில் பிறந்தார். பெற்ற தாய் தில்தார் பேகம். பாபரின் தலைமை மனைவியும் ஹுமாயூனின் தாயுமான மாஹம் பேகம், தாம் பெற்ற மக்களில் ஹுமாயூன் நீங்கலாகப் பிறரையெல்லாம் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். அவர், தில்தாரின் மகன் ஹிந்தாலையும் மகள் குல்பதனையும் கேட்டுப் பெற்றுத் தம் பிள்ளைகளாக வளர்த்தார். ஆக, இரு தாய்மாரின் மடியை அறிந்த குழந்தையாக இவர் வளர்ந்தார்.

தந்தை இந்தியாவை நோக்கிப் புறப்பட்டபோது இவருக்கு இரண்டு வயது. 1526 ஏப்ரல் 21-இல் பானிப்பட்டுப் போரில் பாபர் வென்றார். 1529-இல், மாஹம் பேகத்துடன் நெடும்பயணம் செய்து ஆக்ரா வந்து சேர்ந்தபோது, ஆறு வயதுச் சிறுமியாக இவர் தந்தையை மீண்டும் கண்டார். மனைவி வருகிறார் என்ற செய்தி கேட்டதும், குதிரைக்குச் சேணம் பூட்டும் வரையிலும் பொறுக்காமல் பாபர் கால்நடையாகவே எதிர்கொண்டு சென்ற செய்தியை இவர்தாம் நமக்குக் கூறுகிறார். முதல் சந்திப்பில் தந்தையின் கரங்களில் இருந்தபோது தமக்குண்டான மகிழ்ச்சியை, அறுபது வயது கடந்தபின்னும் மறவாமல் எழுதுகிறார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நோயுற்ற ஹுமாயூனின் படுக்கையைச் சுற்றிவந்து, மகனுக்கு ஈடாகத் தம் உயிரை ஏற்றுக்கொள்ளுமாறு பாபர் இறைவனிடம் இறைஞ்சியதை வரலாற்று நூல்கள் பலவும் கூறும். அதனை வீட்டுக்குள்ளிருந்து கண்டும் கேட்டும் எழுதியவர் குல்பதன். 1530 டிசம்பர் 26-இல் பாபர் காலமானார்.

அதிகாரியின் இல்லாள்

பேகத்தின் கணவர் கிஸ்ர் குவாஜா கான், பாபரின் தாய்வழியினரான சகதாய்க் கான்களின் குலத்தில் தோன்றியவர். திருமணம் நடந்த நாளை நூல்கள் தெளிவாகக் குறிக்கவில்லை. எனினும், பேகமே கூறும் சிறு செய்தியொன்று காலத்தைக் காட்டித் தருகிறது. 1539-இல் சௌஸாப் போரில் ஷேர்கானிடம் தோற்றுத் திரும்பிய ஹுமாயூனுக்குத் தங்கையை முதலில் அடையாளம் தெரியவில்லை. வங்காளப் படையெடுப்புக்குப் புறப்பட்டபோது கன்னிப் பெண்கள் அணியும் உயர்ந்த குல்லாயுடன் கண்ட தங்கை, திரும்பி வந்தபோது மணமான மாதர் அணியும் தலைத்துணியுடன் நின்றிருந்தார். இடைப்பட்ட காலத்தில் திருமணம் நடந்திருக்கிறது என்பதை நாம் இதனால் அறிகிறோம். ஒரு தலைத்துணி இங்கே காலக்கணக்குக்குச் சான்றாகிறது.

கணவரின் அரசியல் வாழ்வு எளிதானதாக இல்லை. ஹுமாயூனுக்கும் தம்பி காம்ரானுக்கும் இடையே காபூலுக்காக மூண்ட போட்டியில், எப்பக்கம் சேர்வது என்பது ஒவ்வோர் அமீருக்கும் உயிர்ப் பிரச்சினையாயிற்று. காபூலைக் கைப்பற்றிய காம்ரான், தம் பக்கம் வந்துவிடுமாறு கணவருக்குக் கடிதம் எழுதும்படி குல்பதனை வற்புறுத்தினார். அவரோ, தாம் கணவருக்குக் கடிதம் எழுதியதே இல்லையென்றும், தம் கையெழுத்தை அவர் அடையாளம் காணமாட்டார் என்றும், விரும்பினால் காம்ரானே எழுதிக்கொள்ளட்டும் என்றும் நயமாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். ஆனால், பாதுஷாவை விட்டு ஒருபோதும் பிரியலாகாது என்று கணவரை அவர் முன்னரே கடுமையாக எச்சரித்து வைத்திருந்தார். காவல் சூழ்ந்த அந்தப்புரத்திலிருந்து ஓர் அதிகாரியின் நிலைப்பாட்டை உறுதி செய்தவர் அவருடைய மனைவி.

1555-இல் ஹுமாயூன் தில்லியை மீட்டார். மறு ஆண்டு சனவரியில் நூலகப் படியில் தவறி விழுந்து மரணமடைந்தார். பதின்மூன்று வயது அக்பர் அரியணை ஏறி, ஹேமுவை எதிர்க்கத் தில்லியை நோக்கிச் சென்றபோது, பஞ்சாபைக் காக்கும் பொறுப்பு கிஸ்ர் குவாஜா கானிடம் விடப்பட்டது. ஸிக்கந்தர் ஸூரிடம் பின்னடைவுற்று அவர் லாகூருக்குத் திரும்ப நேர்ந்தது. 1557-இல்தான் குல்பதன் உள்ளிட்ட பேகம்கள் காபூலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தனர்.

இன்று கிஸ்ர் குவாஜா கானின் பெயரை நாம் தேடிப் படிப்பது ஏன்? அவர் ஆண்ட பஞ்சாபுக்காகவன்று. அவர் மனைவி எழுதிய நூலுக்காகவே. அந்நூலிலோ, கணவருக்கு மனைவி அளித்துள்ள இடம் மிகச் சிறிது!

ஆணையும் அடக்கமும்

1587-ஐ ஒட்டி, அக்பர் ஓர் ஆணை பிறப்பித்தார். அபுல்ஃபஸ்ல் எழுதவிருந்த அக்பர்நாமாவுக்குத் துணையாக, பாபரையும் ஹுமாயூனையும் பற்றி அறிந்தவர்கள் தமக்கு நினைவிருப்பதை எழுதித் தரவேண்டும் என்பது அது. ஹுமாயூனுக்கு நீர்க்குடம் ஏந்திய ஜௌஹர் எழுதினார். பாயஸீத் பயாத் என்ற அலுவலர் எழுதினார். அத்தையாகிய குல்பதனும் எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். தாய்மொழி துருக்கி, எழுதியது பாரசீகம். இடையிடையே துருக்கிச் சொற்கள் கலந்த, வீட்டுப் பேச்சைப் போன்ற எளிய பாரசீகம். "அஹ்வாலே ஹுமாயூன் பாதுஷா" என்பது நூலின் பெயர்; ஹுமாயூன்நாமா என்று வழங்குகிறது.

நூலின் தொடக்கத்திலேயே, தந்தை இறந்தபோது தமக்கு எட்டு வயது என்றும், ஆகையால் நினைவிலிருப்பது குறைவாகவே இருக்கக்கூடும் என்றும், ஆணைக்குக் கீழ்ப்படிந்து தாம் கேட்டதையும் நினைவிலுள்ளதையும் எழுதுவதாகவும் ஒப்புக்கொள்கிறார். மதரஸாவில் ஹதீஸ் கலை பயின்ற எவரும் இவ்விடத்தில் சற்று நின்று நோக்காமல் இருக்கமுடியாது. அறிவிப்பவர் யார்? நிகழ்ச்சியின்போது அவர் வயது என்ன? நேரில் கண்டாரா, பிறர்வாய்க் கேட்டாரா? கேட்டவரிடமிருந்து நமக்கு எப்படி வந்தது? இவையல்லவா முஹத்திஸ்கள் ஓர் அறிவிப்பை எடைபோடும் படிக்கற்கள்! அக்கேள்விகளுக்கெல்லாம் பேகம் தாமே முன்வந்து விடை சொல்லிவிட்டு எழுதத் தொடங்குகிறார்.

இது நமக்குப் புதுமையன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழிகள் 2,210 என்பர். பிற தோழர்களின் அறிவிப்புகளை அன்னையார் திருத்திய இடங்களைத் தொகுத்து இமாம் ஸர்கஷீ (ரஹ்) தனி நூலே செய்தார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைப் பாடம் சொன்ன கரீமா அல்மர்வஸிய்யா அம்மையாரிடம் கத்தீப் அல்பக்தாதீ போன்ற பேரறிஞர் பாடம் கேட்டனர். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் பெரியோர்களைத் தொகுத்த இமாம் ஸகாவீ, தம் நூலின் இறுதிப் பகுதியை முழுவதும் பெண்களுக்கே ஒதுக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் குறிப்புகளை எழுதினார். பெண்ணின் சாட்சியத்தை அறிவின் ஊற்றாக மதித்த இம்மரபைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் நாமே, திண்ணையில் அமர்ந்து அன்று அப்படியொரு விடை சொன்னோம் என்பதை எண்ணித் தலைகுனிகின்றோம்.

போர்க்களத்துக்கு அப்பால்

பிற வரலாற்றாசிரியர்கள் படை எண்ணிக்கையும் கோட்டை முற்றுகையும் எழுதுமிடத்தில், குல்பதன் எழுதுவது வேறு. பானிப்பட்டு வெற்றிக்குப் பின் பாபர் காபூலிலுள்ள உறவினர்க்குப் பரிசுகள் அனுப்பினார். அஸஸ் என்ற காவலருக்கு மட்டும் ஒரேயொரு பொன் நாணயம்தான் என்று முதலில் சொல்லச் செய்து அவரை ஏமாற்றத்தில் ஆழ்த்தினர். பிறகு கண்ணைக் கட்டி, தனியே வார்த்த மாபெரும் பொற்காசு ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டனர். அதன் எடை இந்தியக் கணக்கில் பதினைந்து சேர். பேரரசு ஒன்றின் பிறப்பை, ஒரு குடும்பம் சிரித்து மகிழ்ந்த வேடிக்கையாகவும் நாம் காண்பது பேகத்தின் நூலில்தான்.

சிரிப்பு மட்டுமன்று. சௌஸாப் போரின் குழப்பத்தில் காணாமற்போன பெண்களை அவர் பெயர் சொல்லிக் குறிக்கிறார். அவர்களுள் ஹுமாயூனின் எட்டு வயது மகள் அகீகாவும் ஒருத்தி. அவள் என்னவானாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மகளைப் படையோடு ஏன் அழைத்துச் சென்றோம் என்று ஹுமாயூன் தங்கையிடம் புலம்பியதையும் எழுதிவைத்தார். தோல்வியின் விலையை இத்தனை யானை, இத்தனை பீரங்கி என்று கணக்கிடும் நூல்களுக்கு இடையில், ஒரு குழந்தையின் பெயரால் கணக்கிட்ட நூல் இது.

அக்பரின் தாயாகிய ஹமீதா பானு, ஹுமாயூனை மணக்க நாற்பது நாட்கள் இணங்க மறுத்து வாதிட்டதையும், தில்தார் பேகம் பேசிப் பேசி இணங்கவைத்ததையும் வெளிப்படையாக எழுதுகிறார். அதை எழுதும்போது ஹமீதா பானு உயிருடன் இருந்தார்; இருவரும் நெருங்கிய தோழியர். மணப்பெண்ணின் சம்மதம் என்னும் மார்க்கச் சட்டம் அரண்மனையிலும் வெறும் சடங்காக இருக்கவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

1551-இல் இரவுத் தாக்குதல் ஒன்றில் சகோதரர் ஹிந்தால் கொல்லப்பட்டார். ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரே வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த அண்ணன். அவ்விடத்தில் பேகத்தின் எழுதுகோல் நிலைதடுமாறுகிறது. அந்த வாள் தம் நெஞ்சிலோ, தம் மகன் சஆதத் யார் மீதோ, கணவர் கிஸ்ர் குவாஜா கான் மீதோ பாய்ந்திருக்கலாகாதா என்று அரற்றுகிறார். குடும்பத்தார் படிக்கக்கூடும் என்று தெரிந்தும் இதை எழுதிய துணிவை என்னென்பது! அது நீதியான சொல்லன்று. ஆனால் உண்மையான சொல். நாற்பதாண்டுகளுக்கு அணித்தாகியும் ஆறாத புண்ணை மறைக்காமல் காட்டியதால், அவர் கூறும் பிறவற்றையும் நாம் நம்புகிறோம்.

நடுநிலை முழுவதும் தவறாதவர் என்று புகழ்வது மிகையாகும். அண்ணன் ஹுமாயூன் மீது கொண்ட பாசம் வரிதோறும் வெளிப்படும். சாய்வு இல்லாத அறிவிப்பாளர் அரியர். சாய்வு எப்பக்கம் என்பதை ஒளிக்காதவரிடம் நமக்கு ஏமாற்றம் நேர்வதில்லை.

புனிதப் பயணம்

1575-இல், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், குல்பதன் பேகம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஸலீமா சுல்தான் பேகம், காம்ரானின் பெண்மக்கள் இருவர், பாபரின் மனைவியருள் எஞ்சியிருந்த குல்னார் ஆகாச்சா, பேகத்தின் பேத்தி உம்மு குல்சூம் ஆகியோர் உடன் சென்றனர். அக்காலத்தில் அரபிக்கடலில் போர்த்துக்கீசியரின் அனுமதிச் சீட்டின்றிக் கப்பல் செல்ல இயலாது. அது கிட்டும்வரை சூரத்தில் காத்திருந்து 1576-இல் கடலேறினர்.

புனித பூமியில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கி நான்கு ஹஜ்ஜுகள் நிறைவேற்றினர். இந்தியப் பேகம்களின் தானதருமத்தால் மக்காவில் கூட்டம் பெருகுவதைக் கண்டு, உதுமானியச் சுல்தான் மூன்றாம் முராத் அவர்களை ஊர் திருப்பும்படி ஆணைகள் விடுத்தது அவ்வரசின் ஆவணங்களில் பதிவாகியுள்ளது. திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் சேதமுற்றுப் பல மாதங்கள் அங்கே தங்கி அல்லலுற்று, 1582-இல் ஃபதேபூர் சிக்ரி வந்தடைந்தனர்.

கடலையும் கஃபாவையும் கண்ட அக்கண்கள் அவற்றைப் பற்றி எழுதியதாக எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. ஹுமாயூன்நாமாவும் முழுமையாகக் கிட்டவில்லை. 1553-இல் காம்ரானின் கண்கள் பறிக்கப்பட்ட நிகழ்ச்சியுடன், வாக்கியம் முடியாமலேயே ஏடு அறுந்து நிற்கிறது. 1603 பிப்ரவரியில், எண்பதாம் வயதில் பேகம் காலமானார். ஹமீதா பானு படுக்கையருகில் இருந்தார். அக்பர் சிறிது தூரம் சந்தூக்கைத் தோளில் சுமந்தார்.

மற்றொரு அதிகாரியின் மனைவி

ஹுமாயூன்நாமாவின் படியாக இன்று உலகம் அறிந்தது ஒன்றே. கர்னல் ஹாமில்டன் என்பவர் திரட்டிய ஏடுகளுள் ஒன்றாக 1868-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், கீழ்த்திசை ஏடுகளுள் 166-ஆம் எண்ணில் இருக்கிறது. அதனைப் படித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தோடு 1902-இல் வெளியிட்டவரும் ஓர் அரசு அதிகாரியின் மனைவியே என்பது வியப்பிற்குரியது.

அனெட் சூசன்னா அக்ராய்ட், 1842-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வங்கப் பெண்களுக்குக் கல்வி புகட்டும் நோக்குடன் 1872-இல் கல்கத்தா வந்து, மறு ஆண்டு ஹிந்து மகிளா வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1875-இல் ஹென்றி பெவரிட்ஜ் என்ற சிவில் அதிகாரியை மணந்தார். ஹென்றி வங்காள மாவட்டங்களில் நீதிபதியாகப் பணியாற்றியவர். மகாராஜா நந்தகுமார் வழக்கு பற்றி நூல் எழுதியவர். இந்தியர்பால் அனுதாபம் கொண்டவர்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் கூறவேண்டும். 1883-இல் ரிப்பன் பிரபு காலத்தில், ஐரோப்பியரை இந்திய நீதிபதிகள் விசாரிக்க வகைசெய்யும் இல்பர்ட் மசோதா வந்தபோது, கணவர் அதனை ஆதரித்தார். மனைவியோ எதிர்த்து இங்கிலீஷ்மேன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தம் வீட்டுப் பெண்களைத் திரைக்குள் ஒடுக்கி வைத்திருப்போர், ஆங்கிலப் பெண்களின் வழக்கில் நீதி வழங்கத் தகுதியற்றோர் என்பது அவர் வாதத்தின் சாரம். பெண்கல்விக்காகக் கடல் கடந்து வந்தவரே ஒரு சமுதாயம் முழுவதையும் இவ்வாறு ஒரே துலாக்கோலில் நிறுத்தித் தள்ளினார். அறிவும் நீதியும் ஒரே வீட்டில் எப்போதும் சேர்ந்து குடியிருப்பதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1890-களில் கணவர் ஓய்வுபெற்று இருவரும் இங்கிலாந்து திரும்பினர். அம்மையாருக்குச் செவிப்புலன் மங்கிக்கொண்டு வந்தது. ஐம்பதைக் கடந்த வயதில் பாரசீகம் கற்றார். ஒரு வீட்டில் இரு மேசைகள்: ஒன்றில் ஹென்றி அக்பர்நாமாவை மொழிபெயர்த்தார், மற்றொன்றில் அனெட் குல்பதனின் ஏட்டை மொழிபெயர்த்தார். பின்னர் துருக்கியும் கற்று, ஹைதராபாத் ஏட்டின் நிழற்படியை 1905-இல் பதிப்பித்து, பாபர்நாமா முழுவதையும் துருக்கி மூலத்திலிருந்து ஆங்கிலமாக்கினார். அது நிறைவுற்ற 1922-இல் அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. 1929-இல் இருவரும் ஒரே ஆண்டில் மறைந்தனர். பெற்றோரின் வரலாற்றை எழுதிய மகன் வில்லியம் பெவரிட்ஜ், 1879-இல் வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தவர். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புக்கு அடிகோலிய 1942-ஆம் ஆண்டு அறிக்கையின் ஆசிரியர்.

எந்தத் திரைக்குள் அறிவு வளராது என்று 1883-இல் அனெட் அம்மையார் வாதிட்டாரோ, அந்தத் திரைக்குள்ளிருந்து எழுதிய ஒரு முஸ்லிம் பெண்மணியின் சொற்களை உலகுக்குக் கொண்டுவருவதிலேயே அவர் முதுமை கழிந்தது. தம் பழைய கடிதத்துக்கு அவர் மறுப்பு எழுதியதாக நாம் படித்ததில்லை. ஆனால் செவி கேளாத ஒரு மூதாட்டி, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மற்றொரு மூதாட்டியின் பேச்சைச் சொல் சொல்லாகக் கேட்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவ்வுழைப்பை ஒருவகைப் பரிகாரமென்று கொள்வோர் கொள்க. நாம் அதற்கு நன்றி மட்டும் சொல்வோம்.

நம் ஊர்க் கணக்கு

இனி நம் பாரமகாலுக்கு வருவோம். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்த இந்நிலம் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனியார் கைக்கு மாறியது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் ஆங்கிலப்படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கி, மேற்கோட்டையைப் பிடிக்கமுடியாமல் திரும்பியது. பின்னர் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வயலை அளந்து தீர்வை விதித்தனர். அவர்கள் காலத்துக் கணக்குகளும் கடிதங்களும் பாரமகால் ஆவணங்கள் என்னும் பெயரில் அச்சேறியுள்ளன. எத்தனை ஏர், எத்தனை கிணறு என்று அவற்றில் தேடலாம். தாக்குதல் நடந்த அவ்விரவில் கோட்டைக்குள் பிள்ளையை மார்போடு அணைத்திருந்த ஒரு தாயின் பெயரையாவது நம்மால் சொல்லமுடியுமா?

நம் பாட்டியார் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அரபு எழுத்தில் தமிழாக எழுதிய ஏடு. பிறப்பு, இறப்பு, மணமகர், பஞ்சகாலத்தில் யார் யார் எவ்வூருக்குப் பிழைக்கப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருந்ததாகத் தாயார் கூறுவார். நாம் ஓதப்போயிருந்த காலத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றியபோது, பழைய காகிதங்களோடு அதுவும் எடைக்குப் போயிற்று. அரபும் தமிழும் கற்றுத் திரும்பிய நமக்கு, அவ்விரண்டும் ஒன்றாகியிருந்த அந்த ஏட்டைப் படிக்கும் பேறு கிட்டவில்லை. குல்பதனின் ஏடாவது பாதியில் அறுந்து நிற்கிறது. நம் பாட்டியாரின் ஏட்டில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணி, சென்ற மாதம் அந்த அன்பரின் வீட்டுக்கு நாமே சென்றோம். அன்று நாம் சொன்ன சொல் ஆராயாமல் சொன்ன சொல் என்று அவரிடமும், வேலை முடிந்து வந்திருந்த அப்பிள்ளையிடமும் ஒப்புக்கொண்டோம். வேலையை விடும்படி சொல்லவில்லை; அவள் ஊதியம் அவ்வீட்டுக்குத் தேவை. அஞ்சல்வழியிலும் வரலாறு படிக்கலாமே என்றோம். தந்தையார், "பார்க்கலாம் ஹஜ்ரத்" என்றார். அதற்குமேல் வற்புறுத்த நமக்கு வாயில்லை.

அவ்வீட்டில் பிள்ளையின் பாட்டியார் இருக்கிறார். கட்டிலில் சாய்ந்தபடி, "அதெல்லாம் என்னம்மா எழுதறது" என்று சிரித்தார். நாம் பிள்ளையிடம் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, ஓதிக்கொடுத்த காலத்தில் சொன்னதையே மீண்டும் சொன்னோம்: யார் சொன்னது, எப்போது நடந்தது, கண்டதா, கேட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் மேலே எழுது. நினைவில்லையென்றால் நினைவில்லை என்றும் எழுது.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "ஹஜ்ரத், முதலில் யார் பெயரை எழுதட்டும்?" என்று கேட்டாள். பாட்டியாரின் முழுப் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கட்டிலருகே போய் அமர்ந்தாள்.

நம் இல்லங்களிலுள்ள மூதாட்டியரின் நினைவுகள் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடாதபடி காக்கும் அறிவையும் பொறுமையையும் நம் பெண்மக்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக. அவர்கள் எழுத அமரும்போது குறுக்கே நின்று தடுக்காத அறிவை நமக்கும் வழங்குவானாக. ஆமீன்.